சேவையகமும் விளையாட்டரங்கும்: முறைவழியாக்கிப் பிரிவினையின் வரலாறு

கணினி ஒன்றினை வாங்க முற்படும் மாணவன் இன்று எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, சேவையகங்களுக்கென ஆக்கப்பட்ட முறைவழியாக்கியைத் தெரிவதா, விளையாட்டுப் பிரியர்களுக்கென விற்கப்படும் மேசைக்கணினி முறைவழியாக்கியைத் தெரிவதா என்பதாகும். இது பொறியியற்பீடத்தாருக்கே உரிய வினா எனக் கருதிக் கலைப்பீடத்தவராகிய நாம் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. ஏனெனில், ஒரே சிலிக்கனிற் பிறந்த பொருளொன்று இரு பெயர்களையும் இரு விலைகளையும் எவ்வாறு பெற்றது என்பது, அடிப்படையில், வரலாறும் பொருளியலும் விடைகூற வேண்டிய வினாவாகும்.

இவ்வினா எமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. விடுதியில் எம்மோடு அறையைப் பகிரும் நண்பரொருவர் தமது ஆய்வுக் கட்டுரைக்காகப் பழைய பத்திரிகைகளின் பக்கங்களைப் படம்பிடித்து, அவற்றிலுள்ள எழுத்துக்களைக் கணினியைக் கொண்டு இனங்காண முயன்று வருகின்றார். மகாபொலப் பணத்தில் மிச்சம்பிடித்த தொகை ஒரு கணினிக்கு மட்டுமே போதுமானது. பகலில் ஆய்வுக்கும் இரவில் விளையாட்டுக்கும் அதுவே உதவ வேண்டும். பாவித்த எட்டுக் கருச் சேவையக முறைவழியாக்கியா, புதிய ஆறு கரு மேசைக்கணினி முறைவழியாக்கியா என அவர் கேட்டபோது எம்மிடம் விடை இருக்கவில்லை. விடை தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரையாகும்.

பொதுத் தோற்றம்

நுண்முறைவழியாக்கியின் வரலாறு பொதுவாக 1971இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 உடன் தொடங்குகின்றது. 1978இல் அதே நிறுவனத்தின் 8086 வெளிவந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த 8088ஐ ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஓகஸ்ற்றில் வெளியிட்ட தனியாட் கணினியிற் பயன்படுத்தியது. அதன் கடிகாரக் கதி 4.77 மெகாஹேட்ஸ் மாத்திரமே. அக்காலத்திலே பலருக்கு ஒருங்கே சேவை செய்யும் பணியைப் பெருமுகக் கணினிகளும் இடைநிலைக் கணினிகளுமே ஆற்றி வந்தன. தனியாட் கணினியின் முறைவழியாக்கி மேசைக்கே உரியதெனக் கருதப்பட்டது. ஆகவே இவ்வினத்துள் சேவையக முறைவழியாக்கி, மேசைக்கணினி முறைவழியாக்கி என்ற பாகுபாடு எழுவதற்கு அன்று இடமிருக்கவில்லை.

1989இல் கொம்பாக் நிறுவனம் வெளியிட்ட சிஸ்ரம்புறோ இந்நிலையை மாற்றிய பொறிகளுள் ஒன்றாகும். மேசைக்கணினிகளில் இடம்பெற்ற அதே இன முறைவழியாக்கிகள் இரண்டினை ஒரு பெட்டியுள் அமைத்து, வலையமைப்புக்குச் சேவை செய்யும் கணினியாக அது விற்கப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனின், அதனைச் சேவையகமாக்கியது முறைவழியாக்கியன்று என்பதாகும். பெட்டியின் அமைப்பும் வட்டுக்களின் ஒழுங்கும் அதற்கு இடப்பட்ட பணியுமே அதனைச் சேவையகமாக்கின.

முதற் பிளவு

1995 நவம்பரில் வெளிவந்த பென்ரியம் புறோவிலேயே முதற் பிளவு தெளிவாகத் தோன்றுகின்றது. 55 இலட்சம் திரான்சிற்றர்களைக் கொண்ட இம்முறைவழியாக்கி, இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகத்தைத் தன் உறையினுள்ளேயே கொண்டிருந்தது. நான்கு முறைவழியாக்கிகள் வரை ஒரே பலகையில் ஒருங்கிணைந்து இயங்கவும் முடிந்தது. ஆயின் அது 32 பிற் செய்நிரல்களை நோக்கியே ஆக்கப்பட்டிருந்தது. அக்காலத்து வீடுகளிற் பரவியிருந்த விண்டோஸ் 95 பெருமளவு 16 பிற் பகுதிகளைத் தன்னகத்தே கொண்டிருந்தமையால், கூடிய விலை கொடுத்து அதனை வாங்கிய வீட்டுப் பாவனையாளர் அதற்கேற்ற பயனைப் பெறவில்லை. சேவையகங்களிலோ அது சிறந்து விளங்கியது. அமெரிக்காவின் சண்டியா தேசிய ஆய்வுகூடத்தில் ஆயிரக்கணக்கான பென்ரியம் புறோக்களைக் கொண்டு அமைக்கப்பட்ட கணினி, 1996 டிசம்பரில், செக்கனுக்கு ஓர் இலட்சங் கோடிக் கணிப்புக்கள் என்னும் எல்லையை முதன்முதலாகக் கடந்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் ஏமாற்றத்தையும் பிறிதோரிடத்தில் சாதனையையும் அளித்தமைக்குக் காரணம், அதன்மீது ஓடிய செய்நிரல்களின் இயல்பே எனலாம்.

அதே 1996இல் விளையாட்டும் முறைவழியாக்கியின் தலைவிதியைத் தீர்மானிக்கத் தொடங்கியது. யூன் மாதத்தில் வெளிவந்த குவேக் என்னும் விளையாட்டு முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கு மிதக்கும் புள்ளிக் கணிப்பில் பெரிதும் தங்கியிருந்தது. பென்ரியத்தின் மிதக்கும் புள்ளி அலகு ஒரு வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும் போதே ஏனைய பணிகளைத் தொடரவல்லதாக இருந்தது. குவேக்கினை எழுதியோர் இவ்வியல்பினை முழுமையாகப் பயன்படுத்தினர். அலுவலகச் செய்நிரல்களில் பென்ரியத்துக்கு ஈடாகவும் சிலவேளை அதனை விஞ்சியும் நின்ற சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86, இவ்விளையாட்டில் வெகுவாகப் பின்தங்கியது. இதன்பின் விளையாட்டில் எது விரைவானது என்னும் கேள்வியை வாங்குவோர் தனியாகவே கேட்கத் தொடங்கினர்.

பெயரும் விலையும்

பணிகளின் வேறுபாடு வணிகப் பெயர்களின் வேறுபாடாக நிலைபெற்ற ஆண்டு 1998 ஆகும். அவ்வாண்டில் இன்ரெல் ஒரே கருவமைப்பினை மூன்று படிகளாகப் பிரித்தது. கீழ்ப்படியில் செலறோன், நடுப்படியில் பென்ரியம் 2, மேற்படியில் யூன் மாதம் வெளிவந்த பென்ரியம் 2 சீயோன் என அவை அமைந்தன. இவற்றுக்கிடையிலான பிரதான வேறுபாடு பதுக்கு நினைவகத்தின் அளவிலும் வேகத்திலும், எத்தனை முறைவழியாக்கிகள் சேர்ந்தியங்கலாம் என்பதிலுமே தங்கியிருந்தது. பென்ரியம் 2இன் பதுக்கு நினைவகம் கருவின் கதியில் அரைப்பங்கிலேயே இயங்க, சீயோனின் பதுக்கு நினைவகம் முழுக் கதியில் இயங்கியது.

இவ்விடத்தில் பொருளியல் வரலாற்றிலிருந்து ஓர் ஒப்பீட்டினை நோக்குதல் பொருத்தமாகும். பிரான்சியப் பொறியியலாளரும் பொருளியலாளருமான டியூபுயி 1849இல் புகையிரத வண்டிகளின் மூன்றாம் வகுப்பினை ஆராய்ந்தார். அப்பெட்டிகளுக்குக் கூரை இடப்படாமைக்குக் கூரையின் செலவு காரணமன்று என்பது அவரது முடிவு. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைச் செலுத்த வல்லவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடாது தடுப்பதே அதன் உண்மைக் காரணமென அவர் விளக்கினார். ஏழையைத் துன்புறுத்தும் நோக்கம் அங்கு இருக்கவில்லை. வசதியுள்ளவனை அச்சுறுத்துவதற்காகவே ஏழை மழையில் நனைந்தான்.

முறைவழியாக்கிச் சந்தையிலும் இத்தகைய கூரையற்ற பெட்டிகள் உள்ளன. 1991இல் வெளிவந்த 486எஸ்எக்ஸ் இதற்கு நல்லதோர் உதாரணமாகும். தொடக்கத்தில் அதனுள் மிதக்கும் புள்ளி அலகு இருந்தும் அது செயலிழக்கச் செய்யப்பட்டே விற்கப்பட்டது. அவ்வலகு வேண்டுமெனப் பின்னர் 487எஸ்எக்ஸினை வாங்கியவர் உண்மையில் முழுமையான 486 ஒன்றினையே வாங்கினார். அதனைப் பொருத்தியதும் பழைய முறைவழியாக்கி வேலையற்று ஓய்ந்துவிடும்.

ஆயினும் வாங்குவோர் எப்போதும் இப்பிரிவினைக்குப் பணிந்து நடக்கவில்லை. 1998 ஓகஸ்ற்றில் வெளிவந்த செலறோன் 300ஏ, 128 கிலோபைற் அளவே கொண்ட பதுக்கு நினைவகத்தைக் கருவோடு ஒரே சில்லில் முழுக் கதியில் இயக்கியது. தாய்ப்பலகையின் பாட்டைக் கதியை 66இலிருந்து 100 மெகாஹேட்ஸ் ஆக உயர்த்திய மாணவர்களும் விளையாட்டுப் பிரியர்களும் 300 மெகாஹேட்ஸ் முறைவழியாக்கியை 450 மெகாஹேட்ஸில் இயக்கினர். 1999இல் அபிற் நிறுவனம் இரு செலறோன்களை ஒன்றாகப் பொருத்தத்தக்க பீபீ6 என்னும் தாய்ப்பலகையை வெளியிட்டது. இரட்டை முறைவழியாக்கி மேல்வகுப்பாருக்கே உரியதென வகுக்கப்பட்டிருந்த எல்லை இவ்வாறு கீழிருந்து மீறப்பட்டது.

இருவழிப் பாதை

இப்பிரிவினை எத்துணை நெகிழ்வானது என்பதை 2003ஆம் ஆண்டு புலப்படுத்துகின்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் ஏ.எம்.டி. நிறுவனம் ஒப்ரறோன் என்னும் 64 பிற் சேவையக முறைவழியாக்கியை வெளியிட்டது. செப்ரெம்பரில் விளையாட்டுப் பிரியர்களுக்கென அது முன்வைத்த அத்லோன் 64 எப்எக்ஸ்-51, ஒப்ரறோனின் அதே 940 ஊசிப் பொருத்தியையே வேண்டிநின்றது. பதிவியுடன் கூடிய, விலை உயர்ந்த சேவையக நினைவகமும் அதற்குத் தேவைப்பட்டது. இன்ரெல்லும் அதே மாதத்தில் பென்ரியம் 4 எக்ஸ்றீம் எடிசனை அறிவித்தது. அதுவும் 2 மெகாபைற் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்துடன் கூடிய சீயோனின் மறுவடிவமேயாகும். ஆகவே, 2003இல் விளையாட்டுக்கென மிக உயர்ந்த விலை கொடுத்தவர் இரு நிறுவனங்களிடமும் சேவையக முறைவழியாக்கியையே பெற்றார்.

இயல்பான வேறுபாடுகள்

மேற்கூறியவற்றிலிருந்து இவ்விரு வகைகளுக்கும் இடையே வேறுபாடே இல்லை, யாவும் வணிகரின் சூழ்ச்சியே என முடிவுகட்டுதல் தவறாகும். பணியின் இயல்பிலிருந்து எழும் வேறுபாடுகள் இரண்டினை இங்கு குறிப்பிடலாம்.

முதலாவது, வேலையைப் பங்கிடுதல் தொடர்பானது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, ஒரு வேலையின் பிரிக்க முடியாத பகுதியே அதன் வேகத்தின் எல்லையை நிர்ணயிக்கின்றது. வேலையில் அரைப்பங்கு மட்டுமே பகிரத்தக்கது எனக் கொள்வோம். எட்டுக் கருக்கள் அதனை ஒரு கருவிலும் 1.78 மடங்கு விரைவாக முடிக்கும். பதினாறு கருக்களாக்கினாலும் அது 1.88 மடங்காகவே உயரும். ஆயின் ஒவ்வொரு கருவினதும் வேகத்தை நாலிலொரு பங்கு கூட்டினால் முழு வேலையும் அதே அளவு விரைவுபெறும். விளையாட்டில் ஒரு காட்சி முடிவதற்கு முன் அதற்குரிய கணிப்புக்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ வேண்டியுள்ளன. எனவே குறைந்த எண்ணிக்கையான விரைவான கருக்களே அதற்கு உகந்தன. சேவையகத்தை நாடுவோரோ ஆயிரவர். ஒருவரது வேண்டுகோள் மற்றவரதைப் பெரும்பாலும் சாராது. அங்கு கருக்களின் தொகையே பலமாகின்றது. 2004இல் மேலும் கூடிய கடிகாரக் கதியை நோக்கிய தனது தெஜாஸ் திட்டத்தை வெப்பமும் மின்நுகர்வும் மிகுந்தமையால் இன்ரெல் கைவிட்டமையும், 2005இல் இரட்டைக் கரு முறைவழியாக்கிகள் மேசைக்கு வந்தமையும் இவ்வேறுபாட்டினை மேலும் கூர்மையாக்கின.

இரண்டாவது, பிழை தொடர்பானது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றிச்சட் ஹமிங் 1950இல் பிழைகளைக் கண்டு திருத்தும் குறிமுறையை வெளியிட்டார். சில்லுக்களின் உறைப்பொருளிலிருந்து வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் நினைவகத்தின் பிற்றுக்களைப் புரட்டிவிடுகின்றன என்பதை 1978இல் இன்ரெல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பிழைதிருத்தும் நினைவகத்தில் 64 பிற்றுக்களுக்கு 8 மேலதிக பிற்றுக்கள் காவலாக வைக்கப்படுகின்றன. கூகிள் சேவையகங்களை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆண்டொன்றில் நினைவகக் கூறுகளுள் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை பிழைக்கு உள்ளாயின எனக் கண்டது. விளையாட்டில் ஒரு பிற் புரண்டால் ஒரு புள்ளி நிறம் மாறலாம். வங்கிக் கணக்கிற் புரண்டாலோ ஒருவரது வாழ்நாட் சேமிப்பே மாறிவிடலாம்.

இங்கும் இயற்கையும் சந்தையும் பின்னிப் பிணைந்தே நிற்கின்றன. பிழைதிருத்தம் சேவையகத்துக்கு இன்றியமையாதது என்பது உண்மை. அது வீட்டுக்கு வேண்டாதது என்பது மெய்யாகவே தீர்மானிக்கப்பட்டதா, அன்றி விற்பனை வசதிக்காகவா என்பது வேறு கேள்வி. லினக்ஸின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 சனவரியில் இன்ரெல் இவ்வசதியைச் சாதாரண பாவனையாளருக்கு மறுத்துவந்தமையை வன்மையாகக் கண்டித்தார்.

வறியவரின் சீயோன்

2011இன் பின் வந்த சீயோன் ஈ3 வரிசை இவ்வரலாற்றின் சுவையான அத்தியாயமாகும். அவ்வரிசையின் 1230 போன்றவை நான்கு கருக்களையும் எட்டு இழைகளையும் கொண்டு, உயர்தர மேசைக்கணினி முறைவழியாக்கிகளான ஐ7 வகைக்கு வலுவில் அண்மியவையாகவும் விலையில் குறைந்தவையாகவும் இருந்தன. உள்ளமைந்த வரைகலை அலகு அவற்றில் இல்லை. தனி வரைகலை அட்டையைப் பொருத்தும் விளையாட்டுப் பிரியருக்கோ அது ஓர் இழப்பன்று. சாதாரண தாய்ப்பலகைகளிலும் அவை இயங்கின. சேவையகப் பெயர் தாங்கிய பொருளே சிக்கனமான விளையாட்டுக் கணினிக்கு உகந்ததாயிற்று. இவ்வழி 2015இல் அடைக்கப்பட்டது. ஈ3 வரிசையின் ஐந்தாம் பதிப்பு, பொருத்தி ஒன்றாயிருந்தும், சேவையகங்களுக்கென வகுக்கப்பட்ட துணைச் சில்லுத்தொகுதியுள்ள பலகைகளிலேயே இயங்குமாறு ஆக்கப்பட்டது. கூரை மீண்டும் கழற்றப்பட்டது எனலாம்.

அதேவேளை இன்னொரு வழி திறந்தது. 2012இல் 1,500 டொலருக்கும் கூடிய விலையில் வெளியிடப்பட்ட எட்டுக் கருச் சீயோன் ஈ5-2670, பெரும் தரவு மையங்கள் தம் பழைய பொறிகளை அகற்றியமையால் 2016 அளவில் நூறு டொலருக்கும் குறைந்த விலையில் பாவித்த பொருட் சந்தைக்கு வந்துசேர்ந்தது. எமது நண்பரை மயக்கியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

எல்லைகள் கலங்குதல்

2017இன் பின் நிகழ்ந்தவை பழைய பாகுபாட்டினைப் பெரிதும் கலக்கியுள்ளன. அவ்வாண்டு மார்ச்சில் ஏ.எம்.டி. வெளியிட்ட எட்டுக் கரு றைசன் மேசைக்கணினிக்குரியது. யூனில் அது வெளியிட்ட முப்பத்திரண்டு கரு எபிக் சேவையகத்துக்குரியது. ஆயின் எபிக் என்பது றைசனில் இருந்த அதே சில்லு நான்கினை ஓர் உறையில் இணைத்ததேயாகும். 2022இல் இப்போக்கு மேலும் தெளிவாயிற்று. கருக்களின்மேல் பதுக்கு நினைவகத்தை மாடிபோல் அடுக்கும் நுட்பம் மார்ச்சில் எபிக் சேவையக முறைவழியாக்கியிலும், ஏப்பிரலில் றைசன் 5800எக்ஸ்3டியிலும் வெளிவந்தது. பிந்தியது 96 மெகாபைற் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்தைக் கொண்டிருந்தது. தன் முன்னோடியான 5800எக்ஸிலும் பார்க்கக் குறைந்த கடிகாரக் கதியில் இயங்கியும், விளையாட்டுக்கள் பலவற்றில் அதனை விஞ்சியது. ஆய்வுப் பொறிகளின் பெருந்தரவுக்கு உதவிய அதே பெரும் பதுக்கு நினைவகம் விளையாட்டுக்கும் உதவியது.

2024 மே மாதத்தில் பாதை எதிர்த்திசையிலும் திறந்தது. மேசைக்கணினியின் றைசன் வகைச் சில்லுக்களையும் பொருத்தியையும் கொண்ட முறைவழியாக்கிகளைச் சிறு சேவையகங்களுக்கென ஏ.எம்.டி. எபிக் என்ற பெயரில் வெளியிட்டது. அவ்வரிசைக்கு இடப்பட்ட எண் 4004 ஆகும். 1971இன் அந்த முதல் எண்ணே, வேறொரு நிறுவனத்தின் கையில், ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின் மீண்டும் தோன்றியமை வரலாற்று மாணவனுக்குச் சிந்தனைக்குரியதாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. சேவையகம், விளையாட்டு என்ற பெயர்களுள் ஒரு பகுதி பணியின் இயல்பிலிருந்து எழுந்தது. இன்னொரு பகுதி விலையைப் படிப்படியாகப் பிரிக்கும் தேவையிலிருந்து எழுந்தது. இவற்றுள் எது எவ்வளவு என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. எனவே பெயரைக் கொண்டு பொருளைத் தெரிபவன் கடந்தகாலச் சந்தையொன்றின் எல்லைக்கோட்டினையே தனது அளவுகோலாகக் கொள்கின்றான்.

எமது நண்பரின் வினாவுக்கும் இங்ஙனமே விடை காண முயன்றோம். பத்திரிகைப் பக்கங்கள் ஒன்றையொன்று சாராதன ஆகையால், அவருடைய ஆய்வு பல கருக்களுக்கிடையே எளிதிற் பங்கிடத்தக்கது. இது எட்டுக் கருச் சீயோனுக்குச் சார்பான வாதம். ஆனால் 2012இன் எட்டுக் கருக்கள் செய்வதனை இக்காலத்து ஆறு கருக்கள் தம் வேகத்தால் ஈடுசெய்து மேலும் செய்கின்றன. பழையதற்கு 115 உவாற்று வெப்ப எல்லை வகுக்கப்பட்டிருக்க, புதிய ஆறு கரு வகைகளுள் 65 உவாற்றுக்கு வகுக்கப்பட்டவையும் உள. பிழைதிருத்தும் நினைவகம் அவருக்கு அவசியமா எனவும் ஆராய்ந்தோம். எழுத்துக்களை இனங்காண்பதில் மென்பொருள் தானாகவே விடும் பிழைகளைக் கண்ணால் ஒப்புநோக்கித் திருத்தவேண்டியிருக்க, எப்போதாவது புரளும் ஒரு பிற்றினை அஞ்சிப் பணம் செலவிடுதல் அவருக்குப் பொருந்தாது. மாணவரின் பரீட்சைப் புள்ளிகளைக் காக்கும் கணினியைப் பற்றியதாயின் எமது விடை நிச்சயமாக வேறாக இருந்திருக்கும்.

ஈற்றில் அவர் புதிய மேசைக்கணினி முறைவழியாக்கியையே வாங்கினார். விளையாட்டு என்று அதன் பெட்டியில் எழுதியிருந்தமை அதற்குக் காரணமன்று. இன்று அதில் நூறாண்டு பழைமையான பத்திரிகைப் பக்கங்கள் இரவு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துருப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. விளையாட்டுக்கென விற்கப்பட்ட பொருள் வரலாற்றுக்குச் சேவை செய்கின்றது. ஒரு கருவி எதுவாகும் என்பதை அதனை விற்பவர் தொடக்கிவைக்கலாம். அதனை முடித்துவைப்பவர் பயன்படுத்துவோரே என்பதற்கு எமது அறையின் மூலையிலிருக்கும் அப்பெட்டியும் ஒரு சிறு சான்றாகும்.